கஹூட் வகுப்புக்குள் பாட் கூட்டம் புகுந்தால்: தடுக்க, சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் 38 பேர் இருக்கிறார்கள். கஹூட் என்ற இணைய க்விஸ் விளையாட்டின் லாபியில், அதாவது தொடங்கும் முன் சேர்ந்தவர்கள் காத்திருக்கும் திரையில், 240 பேர் நிற்கிறார்கள். இணையத்தில் க்விஸ் நடத்துகிற ஆசிரியர்கள் பலருக்கு இது பழகிய காட்சி. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று எண்ணிக்கை எகிறும், ஒரே பெயர் வெவ்வேறு வால் எண்களோடு திரையை நிறைக்கும், நடுவில் நாலைந்து கெட்ட வார்த்தைகள், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒருவர் ஒரு இணையதளத்தில் உங்கள் விளையாட்டில் சேர்வதற்கான பின் (PIN) எண்ணைத் தட்டி, எத்தனை பாட், அதாவது ஆள் போல நடிக்கும் நிரல், வேண்டும் என்று ஒரு எண்ணையும் கொடுத்து, பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதற்கு மேல் அவருக்கு எந்தத் திறமையும் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் கை தானாகப் போவது பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியேற்றுவதற்குத்தான். அது வீண் வேலை. நீங்கள் ஒன்றை நீக்குவதற்குள் பத்து வரும். பாட்டை வெல்ல வேண்டிய இடம் வகுப்புக்கு முந்தைய பத்து நிமிடம். அதைத் தவறவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே வழி, மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதனால் உண்மையில் தோற்பது ஆசிரியர் இல்லை. வாயைத் திறந்து பதில் சொல்லத் தயங்கி, போனில் மட்டும் தைரியமாக விடை தட்டும் ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். முதல் ஐந்து இடத்தில் தன் பெயர் வரும் என்று காத்திருக்கும் அந்தப் பிள்ளைதான் தோற்கிறது.

பாட் எப்படி உள்ளே வருகிறது

கஹூட் நார்வேயில் பிறந்தது. டிரான்ட்ஹெய்மில் உள்ள என்டிஎன்யூ பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து வளர்ந்து, 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வெற்றிக்குக் காரணமே விளையாட வருபவருக்குக் கணக்கு வேண்டாம் என்பதுதான். பின் எண், ஒரு நிக்நேம், அவ்வளவு போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கையைத் தூக்காமல் அரை நிமிடத்தில் உள்ளே வந்துவிடுகிறது. பாட்டுக்கும் அதே வசதி கிடைக்கிறது.

பிள்ளையின் போனில் திறக்கும் பக்கம் பின்னணியில் சர்வரோடு ஒரு தொடர் இணைப்பு வைத்துக்கொள்கிறது. கேள்வி வந்தது, இந்த விடையைத் தட்டினேன், இத்தனை புள்ளி என்று சின்னச் சின்னச் செய்திகள் அதன் வழியே போய் வருகின்றன. பாட் நிரல் பக்கத்தைத் திறப்பதே இல்லை, அந்தச் செய்திகளை மட்டும் அனுப்புகிறது. அதனால் ஒரு சாதாரணக் கணினியிலிருந்தே நூற்றுக்கணக்கான 'பிள்ளைகள்' வர முடிகிறது.

சரி, பின் எண் எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் வகுப்புக்குள்ளிருந்துதான். ஏதோ ஒரு இருக்கையில் ஒரு பையன் பிரவுசரின் இன்னொரு டேபில் அந்த பாட் தளத்தைத் திறந்து வைத்திருப்பான். இல்லையென்றால் எண்ணைப் படம் பிடித்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் குழுவிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டிருப்பார்கள். 2020 ஊரடங்கில் ஜூம் வகுப்புகளுக்குள் அந்நியர்கள் புகுந்து கூத்தடித்ததும், அமெரிக்காவின் எஃப்பிஐ அந்த ஆண்டு மார்ச் 30 அன்று அதைப் பற்றி எச்சரித்ததும் நினைவிருக்கும். அங்கேயும் பல நேரம் பிள்ளைகளே லிங்கை வெளியே கொடுத்து, வந்து கலைத்துவிட்டுப் போங்கள் என்று அழைத்திருந்தார்கள்.

சில பாட்கள் வந்து சும்மா நிற்கும். மோசமானவை விடையும் தட்டும். கஹூட்டில் சரியான விடைக்கு வழக்கமாக 1000 புள்ளி வரை கிடைக்கும், தாமதிக்கத் தாமதிக்கக் குறைந்து, கடைசி நொடியில் தட்டினால் ஏறக்குறைய 500. இப்போது கணக்குப் போடுங்கள். 200 பாட்கள், நான்கு விருப்பங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தட்டினாலும் முதல் கேள்வியில் 50 பாட்களுக்குச் சரியாக விழும். அவை உடனே தட்டுவதால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய முழு 1000. ஐந்து கேள்வி முடிந்தபின்னும் குறைந்தது நான்கு கேள்விக்குச் சரியாகத் தட்டிய பாட்கள் சராசரியாக மூன்று இருக்கும், அவற்றின் கையில் 4000 புள்ளி. யோசித்து, பாதி நேரம் எடுத்து, நான்கு கேள்விக்குச் சரியாகச் சொன்ன பிள்ளையிடம் 3000. அதாவது ஒன்றுமே தெரியாத நிரல் மேடையின் மூன்று இடத்தையும் பிடித்துவிடலாம். இலவசக் கணக்காக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சேரக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், பாட்கள் இடத்தை நிரப்பிவிட்டால் நம் பிள்ளைகள் உள்ளேயே வர முடியாது.

படி 1: இந்த க்விஸ் எதற்கு என்று முதலில் முடிவெடுங்கள்

மதிப்பெண் போடப் போகிறீர்கள் என்றால் பின் எண் வைத்து யாரும் வரக்கூடிய நேரடி விளையாட்டை எடுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அதற்கு கூகுள் ஃபார்ம்ஸ் க்விஸ் போதும். பள்ளி எல்லோருக்கும் மின்னஞ்சல் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் திறக்கலாம் என்றும் ஒருவருக்கு ஒரு விடைத்தாள்தான் என்றும் அமைத்துவிடலாம். பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பாடம் முடிந்ததும் ஒரு உற்சாகத்துக்காக, அல்லது தேர்வுக்கு முன் திருப்புதலுக்காக என்றால் கஹூட், பிளூக்கெட், கிம்கிட், முன்பு குவிசிஸ் என்று இருந்து 2025-இல் பெயர் மாறிய வேகிரவுண்ட், இவற்றில் எதுவும் சரி. கீழே கஹூட்டை வைத்தே சொல்கிறேன், மற்றவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 2: லாபியைத் திறக்கும் முன் செட்டிங்ஸ்

பொத்தான்கள் இருக்கும் இடம் அவ்வப்போது மாறும், அதனால் பெயரை வைத்துத் தேடுங்கள்.

முதலில் டூ-ஸ்டெப் ஜாயின். இதை இயக்கினால் பின் எண்ணைத் தட்டிய பிறகும் பிள்ளை உள்ளே வர முடியாது. உங்கள் திரையில் சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் ஆகிய நான்கும் ஒரு வரிசையில் தெரியும், அதே வரிசையில் தன் போனில் தட்ட வேண்டும். வரிசை 7 நொடிக்கு ஒருமுறை மாறும். வாட்ஸ்அப்பில் பின் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இந்த வரிசை தெரியாது. வகுப்பறையில் ப்ரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் இதைக் கண்டிப்பாக இயக்குங்கள்.

ஆனால் முழுக்க நம்பியும் இருக்க வேண்டாம். நான்கு சின்னங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் 24 வரிசைதான் வரும், அது நிரலுக்குப் பெரிய எண் இல்லை, ஊகித்துப் பார்க்கும் பாட்களும் இருக்கின்றன. விளையாட்டாகச் செய்பவர்களை இது நிறுத்தும், விடாப்பிடியாக வருபவரைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் நமக்குத் தேவை, ஏன் என்று படி 4-இல் பாருங்கள்.

வீட்டிலிருந்து ஜூம் அல்லது கூகுள் மீட் வழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டூ-ஸ்டெப் ஜாயின் பெரிய தலைவலி. வீட்டில் ஒரே போன் இருக்கும். மீட்டில் உங்கள் ஸ்கிரீன் ஷேரைப் பார்த்து, வரிசையை மனதில் வைத்து, கஹூட் பக்கத்துக்குத் தாவி, நான்கைத் தட்ட வேண்டும், அதற்குள் 7 நொடி ஓடிவிடும். சிக்னல் மெதுவாக இருந்தால் திரையே ஒன்றிரண்டு நொடி தாமதமாகத்தான் தெரியும், பிள்ளை பார்ப்பது பழைய வரிசை. பாட்டைத் தடுக்கப் போய்ப் பிள்ளையைத் தடுத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட வகுப்பில் இதை அணைத்துவிட்டு, படி 3-இல் வரும் பெயர் விதியையும் படி 4-இல் வரும் பூட்டையும் வைத்துச் சமாளியுங்கள்.

அடுத்தது பிளேயர் ஐடென்டிஃபையர், உங்கள் கணக்கில் அது இருந்தால். சேரும்போது பிள்ளையிடம் ஒரு அடையாளம் கேட்கும், அது உங்கள் ரிப்போர்ட்டில் பதிவாகும். இது கதவை அடைக்காது, ஆனால் பிறகு யார் நம் பிள்ளை, எது குப்பை என்று பிரிக்க மிகவும் உதவும். மின்னஞ்சல் கேட்க வேண்டாம். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு க்விஸுக்காகப் பிள்ளையின் மின்னஞ்சலைப் பல இடங்களில் சிதறவிடுவதே தேவையில்லாதது. ரோல் எண்ணோடு நீங்களே கொடுத்த இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு குறியீடு கொடுங்கள், 14கம, 15தப என்கிற மாதிரி. டைரியில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வெறும் ரோல் எண் என்றால் யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

அப்புறம் நிக்நேம் ஜெனரேட்டர். இதை இயக்கினால் பெயரைப் பிள்ளை தட்ட முடியாது, கஹூட்டே ஒரு வேடிக்கைப் பெயரைக் கொடுக்கும். பாட் வந்தாலும் கெட்ட வார்த்தை திரையில் வராது. தொடக்கப் பள்ளி வகுப்பு, பெற்றோர் பார்க்கும் நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு இது நல்லது. குறை என்னவென்றால் யார் யார் என்று உங்களுக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வேண்டாம் என்றால் கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் வடிகட்டியை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்க் கெட்ட வார்த்தையை அது பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

படி 3: பெயருக்கு ஒரு விதி

செட்டிங்ஸ் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இதுதான், காசும் இல்லை, இணையமும் வேண்டாம். ரோல் எண், ஒரு இடைவெளி, பெயர். '07 கவிதா' என்று வந்தால்தான் நம் ஆள். இந்த விதியை க்விஸ் தொடங்கும்போது சொல்லாதீர்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிப் பழக்குங்கள். லாபியில் 38 பெயரும் இந்த வடிவத்தில் நின்றால், இந்த வடிவத்தில் இல்லாத ஒன்று வந்த நொடியே கண்ணில் குத்தும். யார் இன்னும் சேரவில்லை என்பதும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிக்னல் அறுந்து மறுபடி வரும் பிள்ளை பழைய பெயர் எடுக்கப்பட்டுவிட்டது என்று '07 கவிதா2' என்று வரலாம். அது பாட் இல்லை. பெயரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் வந்தால் விடுங்கள்.

படி 4: லாபியைக் குறைந்த நேரம் திறந்து வையுங்கள், பிறகு பூட்டுங்கள்

பின் எண்ணை முந்தின நாள் வாட்ஸ்அப் குழுவில் போட வழியில்லை, அது விளையாட்டைத் தொடங்கும்போதுதான் உருவாகும், ஒவ்வொரு முறையும் புதிது. இது நமக்குச் சாதகம். அதனால் லாபியைத் திறந்துவிட்டு வருகைப் பதிவு எடுக்கப் போகாதீர்கள். எல்லோரும் போனில் சேரும் பக்கத்தைத் திறந்து காத்திருக்கட்டும், அதன் பிறகு லாபியைத் திறங்கள். நேரடி ஒளிபரப்பு எதிலும் அந்த எண் தெரியக் கூடாது. யூடியூப் லைவில் வகுப்பு நடத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லாபித் திரையில் ஒரு பூட்டுக் குறி இருக்கும். எண்ணிக்கை உங்கள் வருகைக்குச் சமமானதும் அதை அழுத்துங்கள். பூட்டிய பிறகு பாட்டால் சேர முடியாது. 38 பேர் மூன்று நிமிடத்தில் சேர்ந்து நீங்களும் பூட்டிவிட்டால், பின் எண் வெளியே போய் யாராவது தட்டும்போது கதவு அடைந்திருக்கும். டூ-ஸ்டெப் ஜாயின் தரும் தாமதம் உதவுவது இங்கேதான். தாமதமாக வரும் ஒருத்திக்காக, அவள் பெயரைக் கேட்டு, திறந்து, சேர்ந்ததும் உடனே பூட்டுங்கள். எல்லோருக்காகவும் திறந்தே வைத்திருப்பதுதான் ஆபத்து.

படி 5: வந்துவிட்டது, இப்போது என்ன?

திரையை மறையுங்கள். ப்ரொஜெக்டர் என்றால் ரிமோட்டில் காலித் திரை, ஆன்லைன் என்றால் ஸ்கிரீன் ஷேரை நிறுத்துங்கள். பெயர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூட்டம் இல்லையென்றால் அனுப்பியவருக்குப் பாதிச் சுவை போய்விடும்.

இரண்டு மூன்று பெயர்தான் என்றால் அது பாட் இல்லை, குறும்பு. லாபியில் பெயர் மேல் தட்டினால் நீங்கிவிடும். பத்துக்கு மேல் என்றால் விளையாட்டை மூடுங்கள். யோசிக்க வேண்டாம். டூ-ஸ்டெப் ஜாயின் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், புதிய பின் எண் வரும், பழைய எண்ணை வைத்திருக்கும் பாட்கள் இல்லாத அறையின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இந்த முறை எண்ணை ஒரு பெஞ்ச் வரிசைக்கு மட்டும் சொல்லுங்கள். அவர்கள் சேர்ந்ததும் பூட்டி, அடுத்த வரிசைக்குத் திறங்கள். எந்த வரிசை சேரும்போது கூட்டம் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது முறையும் வந்தால் அன்றைக்கு நேரடி விளையாட்டு முடிந்தது. கேள்விகளை நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் நோட்டில் அ, ஆ, இ, ஈ என்று எழுதட்டும், அல்லது கையை உயர்த்தட்டும். திருப்புதல் நடக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பாட் அனுப்பினால் பாடம் நின்றுவிடும் என்று பிள்ளைகள் கண்டுகொண்டால் அடுத்த வாரமும் வரும்.

நடுவில், கேள்விகள் ஓடும்போது வந்திருந்தால், ரிப்போர்ட்டை நீக்கிவிடாதீர்கள். அதை எக்செல் கோப்பாக இறக்கி, ரோல் எண் இல்லாத வரிகளை அழித்துவிட்டால் நம் பிள்ளைகளின் உண்மையான வரிசை அப்படியே இருக்கும். அடுத்த வகுப்பில் அந்தப் பட்டியலை வாசித்துக் கைதட்டல் வாங்கிக் கொடுங்கள். உழைத்த பிள்ளைக்கு அது சேர வேண்டும்.

படி 6: அனுப்பிய பிள்ளையிடம் பேசுவது

எல்லோர் முன்னாலும் யார் செய்தது என்று விசாரணை நடத்தாதீர்கள். தவறான பிள்ளை மாட்டிக்கொள்ளும், செய்தவன் நாயகன் ஆவான். பள்ளிக் கணினி என்றால் பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கலாம், இல்லையென்றால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 பிரிவுகள் கணினி அமைப்பைச் சீர்குலைப்பதையும் உரிமையுள்ளவர் நுழைய முடியாமல் செய்வதையும் பற்றிப் பேசுகின்றன, மோசடி நோக்கத்தோடு செய்தால் 3 ஆண்டு வரை சிறை என்றும் இருக்கிறது. 13 வயதுப் பையனிடம் இதை நீட்டிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அதைவிட அவனுக்கே உள்ள ஆபத்தைச் சொல்லுங்கள், அது உண்மையும் கூட. இந்த பாட் தளங்களை யார் நடத்துவது என்று தெரியாது. பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் நிரலைப் போடு, இந்த நிரலை பிரவுசர் கன்சோலில் (பக்கத்துக்குக் கட்டளை தட்டும் இடம்) ஒட்டு என்று கேட்பவையும் உண்டு. அப்படி ஒட்டிய நிரல் அந்தப் பக்கத்தில் அவன் உள்நுழைந்திருக்கும் கணக்கில் எதையும் செய்யலாம். கன்சோலில் எதையாவது ஒட்டப் போனால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எச்சரிப்பது இதனால்தான். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து அந்த எச்சரிக்கையை அவனுக்கே காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது உறைக்கும்.

கணினியில் ஆர்வம் உள்ள பிள்ளையாக இருந்தால் அடுத்த க்விஸின் கேள்விகளைத் தயாரிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். தான் உட்கார்ந்து எழுதிய 20 கேள்வியை இன்னொருவன் கலைத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குப் புரியும்.

படி 7: பள்ளிக் கணினி அறை

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். பாட் தளங்களை ஃபில்டரில் தடுப்பது, மாணவர் கணக்கில் எக்ஸ்டென்ஷன் போட முடியாமல் செய்வது. புதிய தளங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் இரண்டாவதுதான் நிலைக்கும். பள்ளி முழுக்க வெளியே பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியாகத்தான் (இணையத்தில் ஒரு இணைப்பின் அடையாள எண்) தெரியும் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவன் பாட் விட்டு, விளையாட்டின் சர்வர் அந்த முகவரியையே தடுத்துவிட்டால், பக்கத்து வகுப்பும் சேர முடியாமல் நிற்கும்.

மற்ற விளையாட்டுகள்

வேகிரவுண்டில் உள்நுழைந்தவர்கள் மட்டும் விளையாடலாம் என்று வைக்கலாம், எல்லோருக்கும் கணக்கு இருந்தால் அதைச் செய்யுங்கள். கிம்கிட்டில் வகுப்புப் பட்டியலை முன்பே ஏற்றிவிட்டால் பிள்ளை அதிலுள்ள தன் பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் வர வேண்டும், இது நல்ல ஏற்பாடு. பிளூக்கெட்டில் தாமதமாகச் சேர்வதை அணைத்துவிடுங்கள், பெயர்களைத் தானாகக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. வீட்டுப்பாடமாக அனுப்பும் வசதி இவற்றில் உண்டு. நேரடிப் போட்டி இல்லை, திரையில் கூட்டம் தெரியாது, அதனால் கலைப்பவருக்கு அதில் ஆர்வமும் இருக்காது.

பிள்ளைகளிடம் போனே இல்லாத வகுப்புக்கும், போன் இருந்தும் பாட் தொல்லை ஓயாத வகுப்புக்கும் அட்டைகளை வைத்து க்விஸ் நடத்தும் பிளிக்கர்ஸைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அச்சிட்ட அட்டை. அதில் ஒரு சதுர வடிவம், நான்கு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடை எதுவோ அது மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் எல்லா விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளை எந்த விடையைக் காட்டுகிறது என்று பார்த்துக் காப்பி அடிப்பதும் கஷ்டம். 63 அட்டை வரை இருக்கிறது, நம் ஊர்ப் பெரிய வகுப்புகளுக்கும் தாங்கும். சேர பின் எண்ணே கிடையாது. அட்டையைப் பளபளக்கும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவால் படிக்க முடியாது. கொஞ்சம் தடித்த சாதாரண அட்டையில் அச்சிட்டு, பின்பக்கம் ரோல் எண்ணை எழுதிக் கொடுங்கள்.